பட்டு வேட்டியில் ஒரு வயரிங் வேலை

நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வயரிங் வேலை பார்த்த விஷயம் எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் பேசப்படுகிறதாம். பேசுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் அதற்குக் கையும் காலும் வைத்துவிடுகிறார்கள். சமீபத்தில் ஓய்வுபெற்றவர்களுக்காக நடந்த விருந்தில் ஓர் இளம் இன்ஜினியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், நீங்க பூஜை பண்ணித்தான் அந்தத் தெருவுல டிவியைச் சரி பண்ணீங்களாமே, நெஜமா?" என்று கேட்டார். பாலக்கரையில் பிறந்து, மாதா கோயில் மணியோசையில் கண் விழித்து வளர்ந்த இந்த ஆரோக்கியசாமியை மணியாட்டவே வைத்துவிட்டார்கள். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் கும்பாபிஷேகமே நடத்தினேன் என்பார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேபிளும் டிஷ்ஷும் வருவதற்கு முன்னால் டிவி படம் காற்றில்தான் வந்தது. மொட்டைமாடியில் ஆன்டெனாவை நட்டு, ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் கீழே நின்று "போதும், போதும்" என்று கத்தினால் படம் கிடைக்கும். அப்படிக் கஷ்டப்பட்டுப் பிடித்த படத்தைக் கெடுக்க ஒரு வீட்டு வயரிங் போதும். எங்கேயாவது ஒரு ஜாயின்ட் லூசாக இருந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொறி விட்டால்கூட அக்கம்பக்கத்து டிவிகளில் எல்லாம் புள்ளி புள்ளியாகக் கொட்டும், ஸ்பீக்கர் கரகரக்கும். ஒளிபரப்பு நிலையத்தில் எங்கள் சிறிய பிரிவுக்கு அந்தப் பொறி எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு, லைசென்ஸ், கொஞ்ச நாள் ஒரு ரேடியோ கடையில் எடுபிடி, அப்புறம் இந்த உத்தியோகம். என் இளமைப் பருவத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்குகிற ஆள் நான் இல்லை. ஆன்டெனாக்கள் ஒழிந்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஊரார் மாடியெல்லாம் ஏறி ஏறித் தேய்ந்தது என் முழங்கால்.

வேலை செய்யும் முறை எளிமையானது. கையில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. எந்த நிலையமும் பேசாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். கரகரப்பு எந்த வீட்டின் முன்னால் அதிகமாகிறதோ அங்கே கதவைத் தட்டி, மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்வோம். மெயினை அணைத்ததும் கரகரப்பு நின்றால் கோளாறு அந்த வீட்டில். நிற்காவிட்டால் அந்த வீடு சுத்தம், அடுத்த வீட்டுக்குப் போகலாம். மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைத்தெருவில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நான் நடப்பதைப் பார்த்து, "என்னண்ணே ஸ்கோர்?" என்று கேட்காத ஜவுளிக்கடைப் பையன்கள் கிடையாது. விளக்கம் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் நானும் ஏதாவது ஒரு ஸ்கோர் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

எங்கள் பிரிவுக்கு மேலதிகாரியாக வந்தவர் செல்வராணி மேடம். தொட்டியத்தில் வாழை போடும் குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் இளையவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்த அண்ணனுக்கு ஒரு சலுகையும் கிடையாது. நான் நாலு வீட்டைப் பார்த்துவிட்டு ஐந்தாவது வீட்டை யூகத்தில் சொன்னால், "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்பார். நினைத்தேன் என்று சொல்ல வாய் வராது, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அவரிடம் எனக்குக் கடுப்பான பழக்கம் ஒன்று இருந்தது. புகார் விசாரிக்கப் போன இடத்தில், கோளாறு எந்த வீட்டில் என்று தெரிவதற்கு முன்னால் காபி குடிக்க மாட்டார். என்னையும் குடிக்க விடமாட்டார். மற்ற இடத்தில் பரவாயில்லை. ஸ்ரீரங்கத்தில், நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் டபராவில் நுரை ததும்பக் காபி வந்துவிடும். அது என் கண்ணெதிரே ஆடை கட்டி ஆறிப்போகும். ஏன் மேடம் இந்தக் கொடுமை என்று ஒருநாள் ஜீப்பில் கேட்டேவிட்டேன். காபி குடித்த வீட்டைக் குறை சொல்ல நாக்கு வராது என்றார். கோளாறு தெரிந்த பிறகு குடிக்கலாம், அதுவும் முதல் காபி கோளாறு இருந்த வீட்டில்தான் என்றார். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

புரிந்தது எங்கள் தெருவிலேயே. பாலக்கரையில் எங்கள் சந்து முழுக்க சாயங்காலமானால் டிவி கெட்டுப்போகிறது என்று புகார் வந்து, மேடமும் நானும் ரேடியோவோடு நடந்து, கரகரப்பின் உச்சியில் போய் நின்ற இடம் என் வீட்டு வாசல். என் மனைவி புதிதாக வாங்கிய கிரைண்டரின் பிளக் லூசாக இருந்தது. சந்தே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. "ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்குறவர் வீடா" என்று ஒரு பெண்மணி ஆரம்பித்தும்விட்டார். மேடம் நேராக உள்ளே வந்து, ஜன்னலோரமாக எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்து, என் மனைவியிடம் காபி கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்து, இன்னும் அரை தம்ளர் இருக்குமா என்றும் கேட்டார். வெளியே ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். என் மனைவி அன்றைக்குச் சமையல் முடியும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் நான் காபியைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

இனி பட்டு வேட்டி.

அது மார்கழி மாதம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து புகார் வந்தது. வழக்கமாகப் புகாரில் கோளாறு மட்டும்தான் இருக்கும். இதில் குற்றவாளியின் பெயரும் இருந்தது. தெருவில் வரதராஜன் மாமா வீட்டின் பக்கவாட்டுப் போர்ஷனில் குடியிருந்த கஸ்தூரி என்ற பெண் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருக்கிறாள், அவள் தைக்கும்போதெல்லாம் தெருவில் டிவி பார்க்க முடியவில்லை, அவள் நிறுத்தினால் படம் தெளிகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

கஸ்தூரியைப் பார்த்தேன். கணவர் இறந்துபோய், இரண்டு பெண் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டு, ரவிக்கை தைத்துப் பிழைத்துவந்தாள். வருடக்கணக்கில் காலால் மிதித்து மிதித்து வலது முழங்கால் வீங்கிப்போய், டாக்டர் இனி மிதிக்கக் கூடாது என்ற பிறகுதான் மோட்டார் மாட்டியிருக்கிறாள். தை பிறந்தால் கல்யாண சீசன், கொடி முழுக்க ரவிக்கைத் துணி தொங்கியது. மாமா அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒன்று மோட்டாரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் தை பிறந்ததும் போர்ஷனைக் காலி செய்ய வேண்டும். தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லாம் கோயிலைச் சுற்றிய நாலு வீதிக்காரர்கள். வேறு ஊரில் போய் உட்கார்ந்தால் அவளை யாருக்குத் தெரியும்?

மோட்டாரைத் திறந்து பார்த்தேன். சத்தத்தை அடக்குவதற்கான கண்டென்சர் இல்லை. புதிதாக ஒன்று வைத்துக் கட்டினேன், படம் நன்றாகத் தெளிந்தது. சந்தோஷமாகத் திரும்பிவிட்டோம். சில நாள் கழித்துப் பழையபடி புகார். முன்பு போல விடாமல் கொட்டவில்லை, ஆனால் அவள் தைக்கும்போது விட்டு விட்டு வருகிறது, நிறுத்தினால் நிற்கிறது. இந்தத் தடவை மாமா அலுவலகத்துக்கே போன் செய்து, இனி ரிப்பேர் எல்லாம் வேண்டாம், அவளைக் காலி பண்ணச் சொல்லியாயிற்று என்றார். மேடம் போனை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே டிவி முன்னால் இருக்கும்போது போகலாம் என்றார்.

வரதராஜன் மாமா கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் முதலாவதுதான் காரணம் என்பது அவர் கணக்கு. ஈஸிசேரில் சாய்ந்து டிவி பார்ப்பார். புள்ளி கொட்ட ஆரம்பித்ததும் கையை நீட்டிப் பக்கத்துச் சுவரில் முஷ்டியால் மடார் மடார் என்று தட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி மெஷினை நிறுத்துவாள். படம் தெளியும். கொஞ்ச நேரம் பொறுத்து அவள் மறுபடி ஆரம்பிப்பாள், மாமா மறுபடி தட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி என்று கேட்டபோது கஸ்தூரி சிரித்தாள். "தட்டுறதுக்கு முன்னாடியே கை நின்னுடுது மேடம்" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அன்று மேடம் செய்த முதல் காரியம், மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். மோட்டாரின் வயரையும் பிளக்கோடு கழற்றி என் கையில் கொடுத்தார். "கஸ்தூரி, கால் வலிக்கும்னு தெரியும். கொஞ்ச நேரம், ஒரே ஒரு தையல், காலால மிதிங்க" என்றார். கஸ்தூரி வலியைப் பொறுத்துக்கொண்டு மிதித்தாள். பழைய மெஷின், தடதடவென்று தரை அதிர ஓடியது. நான் மாமா வீட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

டிவியில் புள்ளி கொட்டிக்கொண்டிருந்தது.

மின்சாரமே இல்லாமல் காலால் மிதிக்கிற மெஷின் எப்படி டிவியைக் கெடுக்கும்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாமாவுக்கோ அந்தக் கேள்வியே எழவில்லை. பிளக் என் கையில் இருந்ததைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல், "பாத்தேளா, பாத்தேளா, ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போலச் சுவரில் தட்டினார்.

என் பின்னாலேயே வந்த மேடம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, இன்னொரு தடவை தட்டுங்க" என்றார்.

மாமா தட்டினார். முஷ்டி சுவரில் படும் அதே கணத்தில் திரையின் குறுக்கே பட்டையாக ஒரு கொட்டு.

"இன்னும் ஒண்ணு."

மறுபடியும் கொட்டியது. கஸ்தூரியோ அதற்குள் மிதிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள், மெஷின் சும்மா இருந்தது. மாமா தன் முஷ்டியைத் தானே திருப்பிப் பார்த்தார். இத்தனை நாளும் புள்ளியை விரட்டுவதாக நினைத்து அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் இன்னொரு பிடி புள்ளியை அள்ளிப் போட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேடம் பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

ஆக, கோளாறு மெஷினில் இல்லை, சுவரில். சுவர் அதிர்ந்தால் ஏதோ ஒரு ஜாயின்ட் ஆடிப் பொறி விடுகிறது. மெஷினும் மாமாவின் கையும் சுவரை ஆட்டுவதோடு சரி. இது மட்டும் தெரிந்துவிட்டது. எந்த ஜாயின்ட் என்று பார்ப்பதற்கு முறைப்படி மாமா வீட்டு மெயினை அணைத்தேன். டிவி அணைந்தது, விசிறி நின்றது. கையிலிருந்த ரேடியோவை வைத்துக்கொண்டு மாமாவைத் தட்டச் சொன்னேன். கரகர என்றது. மெயின் அணைந்த பிறகும் சத்தம் வந்தால் அந்த வீடு சுத்தம் என்பதுதானே பாடம்? கஸ்தூரியின் போர்ஷன் மெயினையும் அணைத்தேன். தட்டினால் அப்போதும் கரகர. பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் வீட்டு மெயினையும் அணைக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தொடர் பாதியில் நின்றதில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது. அதற்கும் பலன் இல்லை. சுவரில் தட்டினால் ரேடியோ கரகரக்கிறது, ஆனால் சுற்றிலும் எங்கேயும் கரண்ட் இல்லை.

மாமாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. "அதான் சொன்னேனே, எங்காத்துல ஒண்ணுமில்லேன்னு" என்றார்.

அந்தக் கால வீடு, வெளிச்சம் கூடத்தோடு சரி. விளக்கும் அணைந்துவிட்டதால் உள்பக்கம் நல்ல இருட்டு. நான் தலையைச் சொறிந்துகொண்டு இருட்டைப் பார்த்து நின்றேன். கூடத்துக்கு அந்தப் பக்கம், கஸ்தூரியின் போர்ஷனோடு ஒட்டிய சுவரோரமாக ஓர் அறை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். எண்ணெய் விளக்காயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அது ஆடவே இல்லை.

"மாமா, உள்ள என்ன பல்பு எரியுது?" என்றேன்.

"அது பெருமாள் விளக்கு" என்றார் மாமா.

"மெயின் ஆஃப் பண்ணியாச்சே."

"பெருமாள் விளக்குக்கு மெயின் கிடையாது" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

மேடம் மெதுவாகச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினோம். மாமாவின் தகப்பனார் காலத்தில் ஒரு நல்ல நாளில் மெயின் ஃபியூஸ் போய்விட்டது. பெருமாள் இருட்டில் இருக்கும்படி ஆகிவிட்டதே என்று தகப்பனார் அன்று சாப்பிடவே இல்லையாம். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு, மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் வழியிலேயே தனியாக ஒரு வயரை எடுத்து, பெருமாள் அறைக்கு இழுத்துவிட்டார். வீட்டில் எந்த ஃபியூஸ் போனாலும், யார் மெயினை அணைத்தாலும் அந்த விளக்கு அணையாது. சுவிட்ச் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. பல்பு மாற்றும்போது தவிர யாரும் அதன் பக்கம் போனதும் கிடையாது. முதல் தடவை வந்தபோது அந்த அறையில் மடி, வெளியாட்கள் நுழையக் கூடாது என்று சொன்னார்கள், நாங்களும் மரியாதையாக வாசலோடு நின்றுவிட்டோம். பக்தியும் மரியாதையும் சேர்ந்து ஒரு கோளாறை இவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாசலில் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தோம். அந்தச் சுவரில் பழைய மரக் கேசிங்கில், அதாவது மூடி போட்ட மரப் பட்டைக்குள், வயர் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் மரம் கறுத்திருந்தது.

மேடத்தின் குரல் மாறிவிட்டது. டிவி கிடக்கட்டும், இதை இப்போதே பிரிக்க வேண்டும் என்றார். தெருமுனையில் குடியிருந்த மின்வாரிய லைன்மேனைக் கூட்டிவந்து மீட்டருக்கு வரும் லைனையே நிறுத்தச் சொல்லலாம் என்றார். மாமா எழுந்து அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்பா வைத்த விளக்கு, இத்தனை வருஷத்தில் அணைந்ததில்லை, தன் காலத்தில் அணைய விடமாட்டேன் என்றார். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடிவாதம் என்று நான் அதுவரை நினைத்தது பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த மாமி முன்னால் வந்தார். கையில் ஒரு குத்துவிளக்கு, நெய் விட்டுத் திரியும் போட்டிருந்தார்.

"கரண்ட் வர்றதுக்கு முன்னாடி பெருமாள் இருட்டுலயா இருந்தார்?" என்றார். "ஏத்தி வைக்கறேன். அவா வேலையைப் பாக்கட்டும்."

மாமா நகர்ந்தார். ஆனால் இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. உள்ளே யார் போவது? வயர்மேன் லைசென்ஸ் இருந்தது என்னிடம். என் கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறும் இருந்தது. மாமா என் பெயரைக் கேட்டார், சொன்னேன். அவர் மாமியைப் பார்த்தார்.

"பெருமாள் விளக்கைச் சரி பண்ண வந்தவரைப் பெருமாள் பாத்துப்பார். மடியா வந்தாப் போறும்" என்றார் மாமி.

மடி என்றால் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வரவேண்டும் என்று மாமா விளக்கினார். எனக்கு ஆட்சேபணை இல்லை, மார்கழிக் குளிர்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. மேடம்தான் குறுக்கே விழுந்தார். "லைன் செத்துருந்தாலும் சரி, ஈரத்தோட ஒரு ஆளை வயர்ல கை வைக்க விடமாட்டேன்" என்றார். அவர்கள் சாஸ்திரத்துக்கு ஈரம் வேண்டும், எங்கள் சாஸ்திரத்துக்கு ஈரம் ஆகாது. இரண்டு பக்கமும் நியாயம். நான் நடுவில் துண்டோடு நின்றேன்.

மாமியே வழி சொன்னார். பட்டுக்கு ஈரம் வேண்டாம், உலர்ந்திருந்தாலும் மடிதான். மாமா பீரோவைத் திறந்து, தன் அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குக்கரைப் பட்டு வேட்டியை எடுத்துவந்தார். நான் குளித்துத் தலை துவட்டி, உடம்பில் சொட்டு ஈரமில்லை என்று மேடத்திடம் உத்தரவு வாங்கி, அதைக் கட்டிக்கொண்டேன். இடுப்பில் நிற்காமல் வழுக்கியதால் மேலே என் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். தோல் உள்ளே வரக் கூடாது என்று மாமா அதைப் பிடுங்கிக்கொண்டு தானே இறுக்கிக் கட்டிவிட்டார். நிற்பதற்கு ஒரு மர மணை போட்டார்கள். காய்ந்த மணை, எங்கள் சாஸ்திரத்துக்கும் பொருத்தம்.

அலுவலகத்தில் சொல்கிற பூஜை இதுதான். இடது கையில் டார்ச், வலது கையில் ஸ்க்ரூ டிரைவர்.

தெருமுனையிலிருந்து வந்த லைன்மேன் மீட்டருக்கு முன்னால் இருந்த வாரிய ஃபியூஸைப் பிடுங்கினார். மஞ்சள் பல்பு அணைந்தது. குத்துவிளக்கின் வெளிச்சத்தில் மாமா கைகூப்பி நின்றார். நான் கேசிங் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு வயரை வெறுமனே முறுக்கித் துணி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பொடியாக உதிர்ந்தது. ஜாயின்ட் தொட்டாலே ஆடியது. அதைச் சுற்றிலும் மரம் கரியாகியிருந்தது, விரலால் தொட்டால் விரலில் ஒட்டியது. அதற்கு நேர் மேலே பட்டுத்திரை தொங்கியது. பக்கத்திலேயே நெய்க் கிண்ணம்.

மாமா கிட்டே வந்து பார்த்தார். கரியைத் தொட்டார். அந்த இடத்துக்கு நேராக, சுவருக்கு அந்தப் பக்கம்தான் கஸ்தூரியின் மெஷின். அவள் மெஷின் சுவரை ஆட்டாமல் இருந்திருந்தால் டிவியில் புள்ளி கொட்டியிருக்காது. புள்ளி கொட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கணக்கு வாத்தியாருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரலில் ஒட்டிய கரியைத் துடைக்காமல் போய் ஈஸிசேரில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய வயரை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது இழுத்தேன். பெருமாள் விளக்கு வீட்டு மெயினை நம்பி இருக்க வேண்டாம் என்பதால், அதற்கென்று தனியாக ஒரு சின்ன மெயின் சுவிட்சும் ஃபியூஸும் வைத்துவிடலாம் என்றார் மேடம். இனி வீட்டு ஃபியூஸ் போனாலும் பெருமாளுக்கு வெளிச்சம் இருக்கும், பெருமாள் வயரில் கோளாறு வந்தால் தானாகவே நிற்கும். மாட்டி முடித்த புதுச் சுவிட்சுக்கு மாமி குங்குமம் வைத்தார். மஞ்சள் பல்பு மறுபடி எரிந்தது. கஸ்தூரியிடம் மோட்டாரை மாட்டி ஓட்டச் சொன்னோம். சுவர் அதிர அதிர மெஷின் ஓடியது. டிவியில் ஒரு புள்ளி இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொடர் மட்டும் முடிந்துவிட்டிருந்தது, விளம்பரம் ஓடியது, அதையே எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்தோம்.

தெருவில் விஷயம் பரவி, வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அத்தனை நாளும் கஸ்தூரியைச் சொன்ன வாய்கள் இப்போது மாமா வீட்டைச் சொல்லத் தயாராக இருந்தன. மேடம் கூடத்தின் நடுவே, வாசலுக்கு நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார். மாமியிடம், காபி கிடைக்குமா என்று கேட்டார்.

மாமி தட்டில் தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த நான் கை நீட்டினேன். மேடம் எடுக்கவில்லை. நானும் கையை இழுத்துக்கொண்டேன். "இன்னொரு தம்ளர் வேணும் மாமி" என்றார் மேடம், அவ்வளவுதான். யாருக்கென்று சொல்லவில்லை.

மாமி சமையலறைக்குத் திரும்பினார். மாமா ஈஸிசேரில் அசையாமல் இருந்தார். பிறகு, கரி ஒட்டிய கையை நீட்டிப் பழக்கதோஷத்தில் சுவரில் தட்டினார்.

அந்தப் பக்கம் மெஷின் சட்டென்று நின்றது. கூடத்தில் எல்லோரும் டிவியைப் பார்த்தோம், படம் பளிங்காக இருந்தது. நின்ற மெஷினின் அமைதிதான் எல்லோருக்கும் கேட்டது. மாமாவுக்கு முகம் என்னவோ போலாகிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, சுவருக்கு மிக அருகில் வாயை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"நிறுத்தச் சொல்லலேம்மா கஸ்தூரி. காபி ஆயிடுத்து, வா."